3+4 பல் மருத்துவத் திட்டமா, பெரிய பெயருள்ள பல்கலைக்கழகமா? மே 1க்குள் முடிவு செய்ய வேண்டும்

எடிசன்காரர்

வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பல் மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். இரண்டு இடம் கையில் இருக்கிறது. ஒன்று நியூவர்க் என்ஜேஐடியில் (நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகம்) மூன்று ஆண்டு, பிறகு ரட்கர்ஸ் பல் மருத்துவப் பள்ளியில் நான்கு ஆண்டு. நிபந்தனைகளோடு கூடிய இடம். இன்னொன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வழக்கமான நான்கு ஆண்டு இளங்கலை. ஹாப்கின்ஸில் உதவித்தொகை எதுவும் கிடைக்கவில்லை, விடுதி, சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலர் ஆகும். என்ஜேஐடியில் உள்மாநிலக் கட்டணம், விடுதியோடு 40,000க்குள் முடித்துவிடலாம். குடும்பம் முழுக்க அமெரிக்கக் குடியுரிமை. சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஹாப்கின்ஸை யாராவது விடுவார்களா" என்கிறார்கள். துறை தெரிந்தவர்கள், எதை எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கடைவாய்ப்பல்

சார், முதலில் ஒன்று. பல் மருத்துவப் பள்ளிச் சேர்க்கைக் குழு பார்ப்பது ஜிபிஏ (நான்குக்கு எவ்வளவு என்ற மதிப்பெண் சராசரி), அதிலும் அறிவியல் ஜிபிஏ, டாட் (பல் மருத்துவ நுழைவுத் தேர்வு) மதிப்பெண், பல் மருத்துவரோடு கூட இருந்து பார்த்த மணிநேரம், பரிந்துரைக் கடிதம், நேர்காணல். இளங்கலை எந்தப் பல்கலைக்கழகம் என்பது இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும். ஹாப்கின்ஸில் 3.3 எடுத்த பிள்ளையைவிட மாநிலக் கல்லூரியில் 3.8 எடுத்த பிள்ளைக்கு அழைப்பு வரும் வாய்ப்பு அதிகம். ஹாப்கின்ஸின் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் பலர் மருத்துவத்துக்குப் போக நினைப்பவர்கள். அந்தப் போட்டிக்குள் ஏ வாங்குவது கடினம், அந்தக் கடினத்துக்காக ஜிபிஏவில் யாரும் கூட்டிப் போடப் போவதில்லை.

பட்டம் வாங்கிய பிறகும் அப்படித்தான். நோயாளி சுவரில் பார்ப்பது டி.எம்.டி. சான்றிதழை. டி.டி.எஸ்., டி.எம்.டி. இரண்டும் ஒரே பட்டம், பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும், அவ்வளவுதான். வேலைக்கு எடுக்கும் கிளினிக் உரிமம், வேகம், கைத்திறன் பார்க்கும். இளங்கலை எங்கே என்று கேட்பது அபூர்வம்.

ஹாப்கின்ஸுக்குப் பல் மருத்துவப் பள்ளியே கிடையாது என்பதையும் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் தொடங்கியது அதே பால்டிமோரில்தான், ஆனால் அது இன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது.

பால்டிமோர்வாசி

கடைவாய்ப்பல் சார் சொன்னதில் தப்பில்லை, ஆனா ஒரு பக்கம் மட்டும் சொல்லியிருக்கார். பதினேழு வயசுப் பிள்ளை "பல் மருத்துவம்தான்"னு சொல்றதை எவ்வளவு தூரம் நம்பறது? ரெண்டாம் வருஷம் ஒரு ஆய்வுக்கூடத்துல உட்கார்ந்ததும் மனசு மாறுற பிள்ளைகள் நிறைய. மாறினா, ஹாப்கின்ஸ் பெயர் அப்பதான் வேலை செய்யும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங், பொதுச் சுகாதாரம், எம்.டி., பிஎச்.டி., கன்சல்டிங், எல்லாக் கதவும் திறக்கும். 3+4 திட்டத்துல மூணு வருஷமும் பாடத்திட்டம் இறுக்கமா இருக்கும். வேற துறையை எட்டிப் பார்க்கவே இடம் இருக்காது.

இன்னொண்ணு, அப்படி ஒண்ணும் எட்டாத கனியில்லை பல் மருத்துவச் சேர்க்கை. எம்.டி.யைவிட இங்க விண்ணப்பிக்கிறவங்கள்ல இடம் கிடைக்கிற விகிதம் அதிகம். உத்தரவாத இடத்துக்காக மத்த எல்லாத்தையும் விட்டுக்கொடுக்கணுமான்னு யோசிங்க.

வட்டிக்கணக்கு

ரெண்டு பேரும் விட்டுவிட்ட விஷயம் பணம். 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு இந்தக் கணக்கே மாறிவிட்டது. பழைய இழைகளைப் படித்து முடிவெடுக்காதீர்கள்.

முன்பு பல் மருத்துவ மாணவர் கிராட் பிளஸ் கடனில் படிப்புச் செலவு மொத்தத்தையும் அரசிடமே வாங்கலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. பல் மருத்துவம் அந்தத் தொழிற்படிப்புப் பட்டியலில் இருக்கிறது, அதுவரை நல்லது. உங்கள் மகள் எந்த வழியில் போனாலும் பல் மருத்துவப் பள்ளிக்குள் நுழைவது 2026க்குப் பிறகுதான். ஆக இந்த வரம்பு அவளுக்கு உண்டு.

இப்போது கூட்டிப் பாருங்கள். பல தனியார் பல் மருத்துவப் பள்ளிகளில் கட்டணம், கருவிகள், வாடகை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். லட்சம் என்றே வைத்தால் நான்கு ஆண்டுக்கு 4,00,000. அரசு தருவது 2,00,000. மீதி 2,00,000 தனியார் வங்கிக் கடன் அல்லது உங்கள் கை.

ஹாப்கின்ஸ் நான்கு ஆண்டு 3,60,000. என்ஜேஐடி மூன்று ஆண்டு 1,20,000. வித்தியாசம் 2,40,000. அந்த ஓட்டையை அடைக்கத் தேவையான பணம் இந்த வித்தியாசத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்மாநில மாணவியாக ரட்கர்ஸ் என்றால் ஓட்டையே சின்னதாகும். ஹாப்கின்ஸில் பணத்தைக் கரைத்துவிட்டுப் பிறகு தனியார் கடனுக்குப் போனால் பெற்றோர் இணைக் கையெழுத்துப் போட வேண்டும். வருமானத்துக்கு ஏற்பத் தவணை, பொதுச் சேவைக்குத் தள்ளுபடி என்ற அரசுக் கடனின் பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடையாது.

அரசுக் கடனும் சும்மா இல்லை. 2025–26 கல்வியாண்டில் பட்ட மேற்படிப்புக்கான வட்டி 7.94 சதவீதம், படிக்கும்போதே ஏறும். ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 வீதம் நான்கு ஆண்டு வாங்கினால், இதே விகிதம் நீடித்தால், பட்டம் வாங்கும் நாளில் வட்டி மட்டும் 39,700. அசலும் சேர்த்து மொத்தக் கடன் ஏறக்குறைய 2,40,000. பத்து ஆண்டில் அடைத்துவிட வேண்டும் என்றால் மாதம் சுமார் 2,900 டாலர்.

டல்லாஸ் கோமதி

வட்டிக்கணக்கு சார் சொன்ன கணக்கு எல்லாப் பெற்றோரும் அச்செடுத்து வெச்சுக்க வேண்டியது. அதோட, மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறும்ங்கிறதையும் சேர்த்துக்கறேன். டெக்சஸ்ல ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டல்லாஸ், எல் பாசோன்னு நாலு அரசுப் பல் மருத்துவப் பள்ளி இருக்கு. கட்டணம் குறைவு, இடங்கள்ல பெரும்பங்கு டெக்சஸ் பிள்ளைகளுக்கே. அங்க இருக்கிற குடும்பம் வெளிமாநிலத் தனியார் 7 ஆண்டுத் திட்டத்தைப் பிடிச்சா ஒரு வருஷம் மிச்சமாகும், ஆனா செலவு பல மடங்காகும். அது கூடாது. எடிசன்காரர் சாருக்கு வந்திருக்கிறது சொந்த மாநிலத்து அரசுப் பள்ளி இணைப்பு. அதனாலதான் அதுக்கு இவ்வளவு மதிப்பு.

ஆனா சார், "இடம் உறுதி"ங்கிற வார்த்தையை நம்பி உட்காராதீங்க. எல்லாத் திட்டத்துலயும் அது நிபந்தனைக்குட்பட்ட இடம்தான். சேர்க்கைக் கடிதத்தை வரி வரியாப் படிங்க. குறைந்தபட்ச ஜிபிஏ எவ்வளவு? அது மொத்த ஜிபிஏவா, அறிவியலுக்குத் தனியாவா? ஒரே ஒரு பாடத்துல சி வந்தாலே வெளியேத்திடுவாங்களா? டாட் மொத்த மதிப்பெண் மட்டும் போதுமா, பிஏடி (உருவங்களை மனசுல திருப்பிப் பார்க்கிற திறன்) பிரிவுக்குத் தனி வரம்பு இருக்கா?

ஜிபிஏவை யார் கணக்கு போடுறாங்கன்னும் கேளுங்க. கல்லூரி போடுற கணக்கு ஒண்ணு, ஆட்சாஸ் (பல் மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) போடுற கணக்கு வேற. ஆட்சாஸ்ல உயர்நிலைப் பள்ளியில இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ்ல எடுத்த பாடமும் சேரும். ஒரு பாடத்தைத் திரும்ப எழுதி ஏ வாங்கினாலும் பழைய சி அழியாது, ரெண்டும் சேர்ந்தேதான் கணக்காகும். பதினோராம் வகுப்புல விளையாட்டா எடுத்த கால்குலஸ் சி பிளஸ், நாலு வருஷம் கழிச்சு வந்து நிக்கும்.

எடிசன்காரர்

கோமதி மேடம், கடைசி விஷயம் யாருமே சொல்லாதது, நன்றி. மகள் மிடில்செக்ஸ் கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு பாடம் எடுத்திருக்கிறாள், இரண்டும் ஏ. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில் பயாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டிலும் முழு மதிப்பெண் 5. இந்த ஏபி வரவை வைத்து முதல் ஆண்டுப் பாடங்களைத் தாண்டிவிடலாமா?

டல்லாஸ் கோமதி

தாண்ட வேண்டாம். கல்லூரி ஏபி வரவை ஏத்துக்கும், ஆனா நிறைய பல் மருத்துவப் பள்ளிகள் முன்தேவைப் பாடங்களுக்கு ஏபியை ஏத்துக்காது, ஏத்துக்கிட்டாலும் மேல்நிலைப் பாடம் எடுக்கச் சொல்லும். இணைப்புல இருக்கிற பள்ளி சரின்னாலும், நாளைக்கு வேற பள்ளிக்கும் விண்ணப்பிக்க வேண்டி வந்தா அங்க மாட்டிக்கும். வரலாறு, உளவியல், கால்குலஸ் மாதிரிப் பாடங்கள்ல ஏபி வரவு இருந்தா அதைச் செலவழிச்சு, அந்த இடத்துல அறிவியலை நிதானமாப் படிக்கட்டும்.

மூணு வருஷத்துக்குள்ள அடுக்கற வரிசை இதுதான்: முதல் வருஷம் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி. ரெண்டாம் வருஷம் ஆர்கானிக், பிசிக்ஸ். அந்தக் கோடையில டாட். மூணாம் வருஷம் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, அனாடமி. ஆர்கானிக் முடிஞ்ச கையோட டாட் எழுதணும், ஆறு மாசம் தள்ளினா எதிர்வினைகள் எல்லாம் மறந்துபோகும்.

கடைவாய்ப்பல்

டாட் பற்றி நான் சேர்க்கிறேன். இயற்கை அறிவியல் 100 கேள்வி, 90 நிமிடம்: பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30. பிஏடி 90 கேள்விக்கு 60 நிமிடம். வாசிப்பு 50, கணிதம் 40. பிசிக்ஸ் கிடையாது. 2025 மார்ச்சிலிருந்து மதிப்பெண் 200 முதல் 600 வரையான புதிய அளவில் தரப்படுகிறது, அதற்கு முன் 1 முதல் 30. உங்கள் கடிதத்தில் "20" என்று பழைய எண்ணே இருந்தால், புதிய அளவில் அது எவ்வளவு என்று திட்ட அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தேர்வு நடத்தும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டிருக்கிறது.

பிஏடிதான் பள்ளியில் முதல் மாணவியாக இருக்கும் பிள்ளைகளையும் கவிழ்ப்பது. ஆறு வகை, ஒவ்வொன்றிலும் 15 கேள்வி. துளைக்குள் எந்தப் பக்கமாகப் பொருள் நுழையும், மேல்–முன்–பக்கத் தோற்றம், நான்கு கோணங்களைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துவது, மடித்துத் துளையிட்ட காகிதத்தை விரித்தால் ஓட்டை எங்கே, கனசதுரக் குவியலில் எத்தனை பக்கம் சாயம், விரித்த அட்டையை மடித்தால் என்ன உருவம். படித்து மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. தினமும் அரை மணி நேரம், குறைந்தது எட்டு வாரம் பழக வேண்டும். பெரும்பாலோர் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவைத்து அங்கேதான் வரம்பைத் தவறவிடுகிறார்கள். மறுதேர்வுக்கு 60 நாள் இடைவெளி கட்டாயம், அதனால் திட்டத்தின் கெடுவிலிருந்து குறைந்தது மூன்று மாதம் முன்னால் முதல் முயற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

பால்டிமோர்வாசி சொன்ன "மனசு மாறினால்" என்ற கேள்வி நியாயமானது. அதைச் சோதிக்கும் வழி ஹாப்கின்ஸ் இல்லை, இந்த ஏப்ரல் மாதம்தான். ஒரு பொதுப் பல் மருத்துவரிடம் நாற்பது மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். பிரேசஸ் போடும் சிறப்பு மருத்துவரிடம் மட்டும் வேண்டாம், அங்கே கஷ்டமான பக்கம் தெரியாது. ரூட் கெனால் ஒன்றை முழுதாகப் பார்க்கட்டும், பயந்து வாயை மூடிக்கொள்ளும் குழந்தையைப் பார்க்கட்டும், இன்சூரன்ஸ் மறுத்த கோரிக்கையோடு வரவேற்பு மேசையில் நடக்கும் பேச்சையும் கேட்கட்டும். அதையெல்லாம் பார்த்த பிறகும் அடுத்த நாள் போக ஆசைப்பட்டால், முடிவு உறுதியானதுதான்.

கை பற்றியும் ஒரு வார்த்தை. பல் மருத்துவப் பள்ளியின் முதல் ஆண்டில் டைப்போடான்ட் என்ற பொம்மைத் தாடையில் பிளாஸ்டிக் பல்லைக் குடைவார்கள். கிளாஸ் 2 அமால்கம் (கடைவாய்ப் பல்லின் பக்கவாட்டையும் சேர்த்து உலோகக் கலவையால் அடைப்பது) என்றால் மேற்பரப்பில் ஆழம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர், பக்கத்துப் பல்லிலிருந்து இடைவெளி அரை மில்லிமீட்டர். ஆசிரியர் பெரியோ ப்ரோப் என்ற அளவுக் கம்பி வைத்து அளப்பார். குடையும் பர் கொஞ்சம் நழுவிப் பக்கத்துப் பல்லில் கீறினால் அந்தத் தேர்வே போகலாம். மேல் தாடைப் பல் என்றால் வாய்க்கண்ணாடியில் பார்த்துத்தான் குடைய வேண்டும், முன்னால் போக நினைத்தால் கண்ணாடியில் பின்னால் போவதுபோல் தெரியும். ஜிபிஏ 4.0 உள்ளவர்களும் இங்கே தடுமாறுவார்கள். பழகினால் வந்துவிடும், ஆனால் இந்த மாதிரி வேலையில் பொறுமை இருக்கிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். களிமண், சோப்பில் செதுக்குவது, நுண்ணிய ஓவியம், எது வந்தாலும் சரி.

பால்டிமோர்வாசி

நாற்பது மணி நேர யோசனையை ஏத்துக்கறேன், நல்ல வழி. ஆனா சிறப்புப் படிப்பு? ஆர்த்தோ (பல்வரிசை சீராக்கறது), வாய்முகத் தாடை அறுவை சிகிச்சைக்குப் போகணும்னா ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி உதவாதா?

கடைவாய்ப்பல்

உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. தேசிய போர்டு தேர்வான ஐஎன்பிடிஇ தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும்தான், மதிப்பெண் வராது. அதனால் சிறப்புப் படிப்புச் சேர்க்கையில் பல் மருத்துவப் பள்ளியில் எடுத்த தரவரிசை, அங்கே செய்த ஆராய்ச்சி, ஏடாட் என்ற சிறப்புப் படிப்புச் சேர்க்கைத் தேர்வு, அறுவை சிகிச்சைக்கு என்றால் சிபிஎஸ்இ தேர்வு (நம் ஊர்ப் பள்ளி வாரியம் இல்லை, மருத்துவ அடிப்படை அறிவியல் தேர்வு), இவைதான் எடை. எல்லாமே இளங்கலைக்குப் பிந்தியவை. ஹார்வர்டு, கொலம்பியா, பென் போன்ற பல் மருத்துவப் பள்ளிகளின் பெயருக்கு இங்கே மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. அது பல் மருத்துவப் பள்ளியின் பெயர், இளங்கலையின் பெயர் இல்லை.

அதனால் எடிசன்காரர் சார் கேட்க வேண்டிய கேள்வி: திட்டத்தில் இருந்துகொண்டே மற்ற பல் மருத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாமா? சில திட்டங்களில் வெளியே விண்ணப்பித்த அன்றே கையில் உள்ள இடம் போய்விடும். சிலவற்றில் தடையில்லை.

பிளெய்ன்ஸ்போரோ ராஜி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹெச்4 விசாவில் (ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைக்கும் இதே அறிவுரை பொருந்துமா? கிரீன் கார்டு வரிசை முடிவதாகத் தெரியவில்லை.

வட்டிக்கணக்கு

ராஜி மேடம், பொருந்தாது. கூட்டுத் திட்டங்களில் பலவும், அரசுப் பல் மருத்துவப் பள்ளிகளில் பலவும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கும். முதலில் அந்த வரியைத்தான் தேட வேண்டும். ஹெச்4, எஃப்1 (மாணவர் விசா) இரண்டுக்கும் அரசுக் கடன் கிடையாது. தனியார் கடனுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் இணைக் கையெழுத்துப் போட வேண்டும். 21 வயதில் ஹெச்4 முடிந்து எஃப்1க்கு மாற வேண்டியது 3+4 திட்டத்தில் சரியாகப் பல் மருத்துவப் பள்ளியின் வாசலில் வந்து விழும். உள்மாநிலக் கட்டணம் அப்போதும் தொடருமா என்று இப்போதே கேளுங்கள். உங்களுக்கு வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் தனியார் பள்ளிகளின் பட்டியலைப் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதுதான் சரி.

பிளெய்ன்ஸ்போரோ ராஜி

சென்னையில் பி.டி.எஸ். முடித்துவிட்டு இங்கே வந்தால்?

கடைவாய்ப்பல்

வழி இருக்கிறது, சுருக்கு வழி இல்லை. அங்கே நீட் எழுத வேண்டும், பயிற்சியோடு ஐந்து ஆண்டு. பிறகு ஐஎன்பிடிஇ தேர்ச்சி பெற்று, கேப்பிட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பித்து, வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் படிப்பு. பள்ளிக்குச் சில பத்து இடம்தான், போட்டி கடுமை, கட்டணமும் முழுசாக வரும். மொத்த ஆண்டுகளைக் கூட்டினால் இங்கே படிப்பதற்குச் சமம்.

எடிசன்காரர்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் மூவரும் உட்கார்ந்து இந்த இழையைப் படித்தோம். என்ஜேஐடி பக்கம் சாய்கிறோம். மகளுக்கு ஒரே பயம்: மூன்றாம் ஆண்டில் நிபந்தனை தவறினால் எல்லாம் போய்விடுமா?

டல்லாஸ் கோமதி

போகாது. பாப்பாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. இணைப்பு இடம்தான் போகும். பொதுவா அதே கல்லூரியில நாலாம் வருஷம் படிச்சு இளங்கலை முடிச்சுட்டு ஜூன்ல ஆட்சாஸ் வழியா எல்லாரையும் போல விண்ணப்பிக்கலாம். முதல் சுற்று முடிவு டிசம்பர் நடுவுல வரும். ஹாப்கின்ஸ் போயிருந்தாலும் அதே வரிசையிலதான் நிக்கணும், செலவு மட்டும் கூட.

உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு. நிறைய 3+4 திட்டங்கள்ல இளங்கலைப் பட்டமே பல் மருத்துவப் பள்ளி முதல் வருஷம் முடிஞ்ச பிறகுதான் தருவாங்க, அந்த வருஷப் பாடங்கள் நாலாம் வருஷமா இங்க திரும்ப வரவு வைக்கப்படும். முதல் வருஷம் நடுவுல உடம்பு சரியில்லாமலோ பிடிக்காமலோ விலகினா, கையில எந்தப் பட்டமும் இருக்காது. அப்படி ஆனா திரும்ப வந்து முடிக்க எத்தனை கிரெடிட் வேணும், எவ்வளவு நாள் அவகாசம்னு கேட்டு வெச்சுக்குங்க.

வட்டிக்கணக்கு

அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது இதையும் சேருங்கள்: நிபந்தனைகள் இடையில் மாறினால் சேர்ந்த ஆண்டின் விதி பொருந்துமா, மாறிய விதியா? கடைசி மூன்று ஆண்டு மாணவர் தொகுதிகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உண்மையில் ரட்கர்ஸுக்குள் போனார்கள்? இரண்டாவது கேள்விக்கு எண்ணாகப் பதில் வர வேண்டும். மழுப்பினால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எடிசன்காரர்

அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை இரண்டு இடத்திலும் முன்பணம் கட்டி வைக்கலாமா?

டல்லாஸ் கோமதி

கூடாது சார். ரெண்டு இடத்துல கட்டினது தெரிஞ்சா ரெண்டுமே ரத்தாகலாம். பதில் தாமதமானா மே 1க்கு முன்னாடி சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி ஒரு வாரம் கூடுதல் அவகாசம் கேளுங்க, எழுத்துல தந்தா மட்டும் நம்புங்க. அப்புறம், இந்தக் கோடையிலயே ஆர்கானிக்கை கம்யூனிட்டி காலேஜ்ல முடிச்சுடலாம்னு யாராவது யோசனை சொன்னா வேண்டாம்னுடுங்க. அறிவியல் முன்தேவைகளை நாலாண்டுக் கல்லூரியில எடுக்கணும்னு பல பள்ளிகள் எதிர்பார்க்கும், அதுவும் ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிக்காம அதுல கைவைக்கவே கூடாது.